ஆஃபர் ஏ ஏ பி, மாக்ல வந்தது பி பி சி: ஜனவரில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் என்ன பண்ணணும், எந்த வரிசைல பண்ணணும்

இது இங்கிலாந்துல ஏ லெவல் படிக்கிற இயர் 13 (ஸ்கூல்ல கடைசி வருஷம்) பிள்ளைங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும். யூகாஸ்ல (யூனிவர்சிட்டிங்களுக்கு அப்ளை பண்ற பொது அமைப்பு) ஆஃபர் வந்தாச்சு, அப்புறம் ஜனவரி மாக்ல (ஸ்கூல்ல வைக்கிற ஒத்திகைப் பரீட்சை) மார்க்கு சறுக்கிடுச்சு, ஸ்கூல் ரிப்போர்ட்ல பிரெடிக்டட் கிரேடும் (டீச்சருங்க கணிக்கிற கிரேடு) இறங்கிடுச்சு, வீட்ல எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்காங்கன்னா மேல படிங்க. நான் சனி ஞாயிறுல கெமிஸ்ட்ரியும் மேத்ஸும் சொல்லிக் குடுக்கிறேன், பிப்ரவரி பொறந்தாலே இதே பேச்சுதான் வரும். பிள்ளைங்க உழைக்காம இல்லை, வரிசை மாத்தி உழைக்கிறாங்க. முதல் வேலையா டியூஷன் தேடுறாங்க, கடைசியாதான் ஆஃபர் லெட்டரை ஒழுங்கா படிக்கிறாங்க. இதைத் தலைகீழா பண்ணணும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கையில இருக்கணும். யூகாஸ் ஹப் லாகின், ஒவ்வொரு யூனிவர்சிட்டி ஆஃபரோட முழு லெட்டர், மாக்ல எழுதின திருத்தின பேப்பர் (வெறும் மார்க்கு ஷீட் போதாது), ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் எந்த போர்டு, அதாவது பேப்பர் வெச்சுத் திருத்துற அமைப்பு எதுங்கிற விவரம். ஏக்யூஏவா, எட்எக்ஸெலா, ஓசிஆரான்னு கேட்டா முழிக்கிற பிள்ளைங்க நிறைய. அது தெரியாம பாஸ்ட் பேப்பர் இறக்கினா வேற போர்டு பேப்பரைப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க.

1. பயத்தை சரியான இடத்துல வைங்க

கண்டிஷனல் ஆஃபர் (இந்த கிரேடு எடுத்தா இடம்ங்கிற ஆஃபர்) ஒண்ணு கையில இருந்தா, அதுக்கப்புறம் பிரெடிக்டட் கிரேடு இறங்கினதால யாரும் அதைத் திருப்பி வாங்கப் போறதில்லை. ஆஃபர்ல எழுதியிருக்கிறது ஆகஸ்ட்ல வர்ற நிஜ ரிசல்ட்டைப் பத்தி மட்டும்தான். மாக் மார்க்கை ஸ்கூல் யூனிவர்சிட்டிக்கு அனுப்பிடும்னு பயந்து தூக்கம் கெட்டவங்களைப் பாத்திருக்கேன், அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

இன்னொண்ணு, பிரெடிக்டட் கிரேடுங்கிறதே ரொம்ப தளர்வான கணிப்பு. லண்டன் யூசிஎல்ல ஜில் வைனஸ் 2016ல ஒரு ஆய்வு போட்டாங்க, மூணு சப்ஜெக்ட்டோட மொத்தக் கணிப்பும் அப்படியே சரியா வந்தது 16 சதவீதம் பேருக்குத்தான், 75 சதவீதம் பேருக்கு நிஜத்தை விட கூடவே கணிச்சிருந்தாங்க. இதை ஆறுதலா மட்டும் எடுத்துக்காதீங்க, கூட கணிக்கிறதுதான் வழக்கம்னா, கணிப்பே கீழ போன பிள்ளைக்கு வேலை நிஜமாவே பாக்கி இருக்குன்னு அர்த்தம். ஸ்கூல் மேல கோவப்பட்டு ஒரு வாரத்தை வீணாக்காதீங்க, அவ்ளோதான்.

இன்னும் ஆஃபரே வராதவங்க, இல்லை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பிரெடிக்டட் கம்மியா இருக்கிறவங்க கதை வேற. அப்ளை பண்றதுக்கு முன்னாடின்னா டீச்சர்கிட்ட போய் எதைக் காட்டினா கிரேடு மாத்துவீங்கன்னு நேரடியா கேக்கலாம், சில ஸ்கூல்ல அதுக்குன்னு ஒரு டெஸ்ட் வைப்பாங்க. அனுப்பின பிறகு மாத்தணும்னா உங்களால முடியாது, ஸ்கூல்தான் யூனிவர்சிட்டிக்கு எழுதணும். அஞ்சு சாய்ஸும் ரிஜெக்ட் ஆயிட்டா பிப்ரவரி கடைசில இருந்து யூகாஸ் எக்ஸ்ட்ரா இருக்கு, ஒரு நேரத்துக்கு ஒரு யூனிவர்சிட்டின்னு கேட்டுட்டே போகலாம்.

2. ஆஃபர் லெட்டரை வரிக்கு வரி படிங்க

யூகாஸ் ஹப்ல தெரியிறது சுருக்கம்தான். யூனிவர்சிட்டியே தனியா ஈமெயில்ல இல்லை அவங்க போர்ட்டல்ல அனுப்பின லெட்டர்லதான் முழு நிபந்தனையும் இருக்கும். அதுல தேட வேண்டியது:

எந்த சப்ஜெக்ட்ல எந்த கிரேடு. "ஏ ஏ பி, கெமிஸ்ட்ரில ஏ" அப்படின்னா அந்த பி மத்த ரெண்டுல எதுல வேணா இருக்கலாம். இது தெரியாம மூணுத்தையும் ஒரே அளவுல தள்ளிட்டு இருப்பாங்க. எங்க நெகிழ்வு இருக்கு, எங்க இல்லைன்னு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க.

கிரேடா, டேரிஃப் பாயிண்ட்டா (ஒவ்வொரு கிரேடுக்கும் யூகாஸ் வெச்சிருக்கிற புள்ளி). ஏ ஸ்டாருக்கு 56, ஏ 48, பி 40, சி 32, டி 24, ஈ 16. ஆஃபர் 120 பாயிண்ட்னா பி பி பி எடுத்தாலும் சரி, ஏ பி சி எடுத்தாலும் சரி, கூட்டினா அதேதான். அப்ப வலுவான சப்ஜெக்ட்ல ஒரு கிரேடு ஏத்தி பலவீனமானதுல ஒண்ணு விட்டுக் குடுக்கலாம். கிரேடா கேட்டிருந்தா இந்தக் கணக்கெல்லாம் வேலைக்கு ஆகாது.

ரெண்டாவது வழி ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. ஈபிக்யூ (ஏ லெவலோட சேர்த்து தனியா பண்ற ஆராய்ச்சி ப்ராஜெக்ட்) பண்றவங்களுக்கு அதுல ஒரு குறிப்பிட்ட கிரேடு வாங்கினா மெயின் ஆஃபரை ஒரு கிரேடு குறைச்சிக்கிறோம்னு சில இடத்துல தருவாங்க. மார்ச்ல ஈபிக்யூவை "எக்ஸ்ட்ராதானே"ன்னு கை விட்டுட்டு ஏ லெவலுக்கு ஓடுறவங்க அந்த லெட்டரைப் படிச்சிருந்தா விட்டிருக்க மாட்டாங்க.

கான்டெக்ஸ்சுவல் ஆஃபர். வீடு இருக்கிற போஸ்ட்கோடு, ஸ்கூலோட சராசரி ரிசல்ட், ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ், குடும்பத்துல முதல் தடவையா யூனிவர்சிட்டி போறவங்க, இப்படி பல அளவுகோல் வெச்சு ஒண்ணு ரெண்டு கிரேடு குறைச்சுத் தர்றாங்க. ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் விதி வேற, பெரும்பாலும் வெப்சைட்லயே போஸ்ட்கோடு போட்டு பாக்கலாம். நம்ம ஆளுங்க "அதெல்லாம் கஷ்டப்பட்டவங்களுக்கு, நமக்கு எதுக்கு"ன்னு கேக்காமலே விட்டுடுறாங்க. உங்களுக்குத் தகுதி இருந்தும் ஸ்டாண்டர்ட் ஆஃபர் வந்திருந்தா அட்மிஷன்ஸுக்கு ஒரு ஈமெயில் போட்டு கேளுங்க, இதுல மானம் போக ஒண்ணுமில்லை.

சின்ன எழுத்து நிபந்தனைங்க. சயின்ஸ் சப்ஜெக்ட்னா பிராக்டிக்கல் என்டார்ஸ்மென்ட் பாஸ் ஆகணும்னு போட்டிருக்கும், அது ஏ லெவல் கிரேடோட சேராது, தனியா வரும். லேப் புக்ல ரெண்டு பிராக்டிக்கல் விட்டுப் போயிருந்தா இப்பவே டீச்சர்கிட்ட சொல்லி முடிச்சிடுங்க. ஜிசிஎஸ்ஈ (ஏ லெவலுக்கு முன்னாடி எழுதின பரீட்சை) மேத்ஸ், இங்கிலீஷ் நிபந்தனையும் அதே மாதிரி சத்தமில்லாம உக்காந்திருக்கும்.

3. கிரேடை மறந்துட்டு மார்க்கை எண்ணுங்க

இந்த வழிகாட்டில ஒரே ஒரு பகுதியைத்தான் செய்வேன்னு சொன்னா இதைச் செய்ங்க.

"பி ல இருந்து ஏ வரணும்"ங்கிறதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. "28 மார்க்கு வேணும்"னா பண்ணலாம். இங்கிலாந்துல இப்ப இருக்கிற ஏ லெவல்ல எல்லா பேப்பரோட மார்க்கையும் கூட்டி மொத்தத்துக்குத்தான் கிரேடு, பேப்பருக்கு பேப்பர் தனியா பாஸ் மார்க்கு கிடையாது. அதனால ஒரு பேப்பர்ல விட்டதை இன்னொண்ணுல புடிக்கலாம்.

ஏக்யூஏ கெமிஸ்ட்ரியையே எடுத்துக்குவோம். பேப்பர் 1ம் பேப்பர் 2ம் தலா 105, பேப்பர் 3 மட்டும் 90, ஆக 300. முதல்ல ஃபிசிக்கலும் இன்னார்கானிக்கும், ரெண்டாவதுல ஃபிசிக்கலும் ஆர்கானிக்கும், மூணாவதுல எல்லாம். போர்டு வெப்சைட்ல போன மூணு நாலு சம்மரோட கிரேடு பவுண்டரி (ஒவ்வொரு கிரேடுக்கும் வேண்டிய குறைஞ்சபட்ச மார்க்கு) இருக்கும், உங்க சப்ஜெக்ட்டோடதை எழுதிக்கங்க. கணக்குக்காக ஏ பவுண்டரி 200ன்னு வெச்சுக்குவோம், மாக்ல மூணும் சேர்த்து உங்களுக்கு 172. இடைவெளி 28. பவுண்டரி வருஷா வருஷம் ஆடும்ங்கிறதால 10 மார்க்கு பாதுகாப்புக்குக் கூடப் போட்டு 38ன்னு குறி வைங்க. பேப்பருக்கு 12, 13 மார்க்கு. இப்ப அது ஒரு மலையாத் தெரியாது, ரெண்டு ஆறு மார்க்கு கேள்வியும் ஒரு டைட்ரேஷன் கணக்கும்தான்.

இதுல ரெண்டு இடத்துல வழுக்கும். முதலாவது, மாக் முழு சிலபஸுக்கும் வெச்சதான்னு பாருங்க. ஜனவரில இயர் 13 பாடம் பாதி முடிஞ்சிருக்காது, அப்ப அந்த பி ங்கிறது பாதி பாடத்தோட பி. ரெண்டாவது, நிறைய ஸ்கூல்ல போன சம்மர் பேப்பரையே மாக்கா வெப்பாங்க, ஆனா பவுண்டரியை தங்களுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சிருப்பாங்க. போர்டு பவுண்டரிப்படி பாத்தா உங்க கிரேடு மாறலாம், ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். டீச்சரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

ஹிஸ்டரி, இங்கிலீஷ் லிட்டரேச்சர், ஜியாக்ரஃபி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்களுக்கு கோர்ஸ்வொர்க் 20 சதவீதம். அதை இன்னும் ஸ்கூல் முடிச்சு வாங்கலைன்னா, மொத்த மார்க்குலயே நிதானமா உக்காந்து வாங்கக்கூடிய மார்க்கு அதுதான், எக்ஸாம் ஹால் டென்ஷன் இல்லை, கடிகாரத்தைப் பாத்துட்டே எழுத வேண்டியதில்லை. முதல்ல அதை முடிங்க. மே நடுவுல போர்டுக்கு மார்க்கு போகணும், ஸ்கூல் அதுக்கு ரொம்ப முன்னாடியே கேக்கும்.

4. போன மார்க்கை மூணு கூடைல போடுங்க

திருத்தின மாக் பேப்பரை எடுத்து, போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க. பாடமே தெரியலைன்னா "தெ". தெரியும் ஆனா எழுதின விதம் மார்க் ஸ்கீமுக்கு (எதுக்கு மார்க்கு தரணும்னு போர்டு போட்ட குறிப்பு) ஒத்து வரலைன்னா "எ". நேரம் பத்தலை, யூனிட் விட்டாச்சு, கேள்வியைத் தப்பாப் படிச்சாச்சுன்னா "க", அதாவது கவனம். எல்லாத்துக்கும் "சில்லி மிஸ்டேக்"னு போட்டு முடிச்சிடாதீங்க, ஒரே சில்லி மிஸ்டேக் மூணு பேப்பர்ல வந்தா அது பழக்கம்.

"எ" கூடை என்னன்னு ஒரு உதாரணம். புரோப்பேன்-1-ஆலுக்கு பியூட்டேனை விட பாயிலிங் பாயிண்ட் ஏன் அதிகம்னு ஒரு கேள்வி. பையன் எழுதினது: "ஆல்கஹால்ல ஹைட்ரஜன் பாண்ட் இருக்கு, அதனால பாண்டை உடைக்க அதிக எனர்ஜி வேணும்." பாடம் தெரியுது. ஆனா மார்க் ஸ்கீம் தேடுறது, அந்த ஹைட்ரஜன் பாண்ட் மாலிக்யூல்களுக்கு நடுவுலங்கிறது, பியூட்டேன்ல இருக்கிற வான் டெர் வால்ஸ் ஃபோர்ஸை விட அது பலமானதுங்கிறது, அதைத் தாண்டத்தான் எனர்ஜி வேணும்ங்கிறது. "பாண்டை உடைக்க"ன்னு மொட்டையா எழுதினா மாலிக்யூலுக்கு உள்ள இருக்கிற கோவேலன்ட் பாண்ட் உடையுதுன்னு எக்ஸாமினர் எடுத்துக்கலாம், பியூட்டேன் பேரையே எடுக்காததால ஒப்பிட்டதாவும் ஆகாது. ஒரு வரி மாத்தி எழுதினா வர்ற மார்க்கு இது, புதுசா எதுவும் படிக்க வேண்டாம்.

மேத்ஸ்லயும் இதே கதைதான். "ஷோ தட்"னு வர்ற கேள்வில விடை முன்னாடியே குடுத்திருக்காங்க, அப்ப மார்க்கு முழுக்க நடுவுல இருக்கிற ஸ்டெப்புக்குத்தான். நல்லா கணக்கு வர்ற பிள்ளைங்கதான் மனசுலயே ரெண்டு வரி தாண்டி மார்க்கை விடுறாங்க. மெத்தட் மார்க்கு தெரியிற மாதிரி எழுதலைன்னா, பின்னாடி அதை நம்பி இருக்கிற விடை மார்க்கும் போயிடும்.

வரிசை இதுதான்: முதல்ல "எ", அப்புறம் "க", கடைசியா "தெ". எல்லாரும் "தெ"ல ஆரம்பிப்பாங்க, ஏன்னா புது நோட்டு, ஹைலைட்டர், யூடியூப் வீடியோன்னு உக்காந்தா படிக்கிற மாதிரி இருக்கும். ஆனா "எ"ல இருக்கிற மார்க்கு ரெண்டு மூணு வாரத்துல வந்துடும், அந்த ஏத்தத்தைக் கண்ணால பாத்தா கஷ்டமான பாடத்துக்கு உக்கார்ற தெம்பும் வரும்.

"தெ" கூடைலயும் எல்லாத்தையும் தொட வேண்டாம். எந்தப் பாடம் அடிக்கடி வருது, எது இன்னொரு பாடத்துக்கு அடித்தளம்னு பாத்து எடுங்க. கெமிஸ்ட்ரில அமௌன்ட் ஆஃப் சப்ஸ்டன்ஸ் ஆடுச்சுன்னா கைனெட்டிக்ஸ், ஈக்விலிப்ரியம், ஆசிட் பேஸ் எல்லாமே ஆடும். ஏ லெவல் விதிப்படி கெமிஸ்ட்ரில குறைஞ்சது 20 சதவீத மார்க்கு கணக்கு சார்ந்தது, ஃபிசிக்ஸ்ல 40, பயாலஜில 10. மேத்ஸ் எடுக்காம கெமிஸ்ட்ரி எடுத்த பிள்ளைங்க இதை லேசா எடுத்துக்கக் கூடாது.

5. பாஸ்ட் பேப்பர்: எதை முதல்ல, எதைக் கடைசில

முழு பேப்பரை நேரம் வெச்சு போடுறது ஏப்ரல் வேலை. பிப்ரவரி, மார்ச்ல டாபிக் வாரியா பிரிச்ச கேள்விங்க போடுங்க, அதுவும் பழைய சிலபஸ் கேள்வி கலந்திருந்தாலும் பரவாயில்லை. இப்ப இருக்கிற சிலபஸ்ல வந்த பேப்பர் எண்ணிக்கை கம்மி, அதை முன்னாடியே தின்னு தீத்துட்டா மே மாசம் உண்மையான அளவுகோல் கையில இருக்காது. கடைசி ரெண்டு வருஷ பேப்பரை ஈஸ்டர் லீவு வரைக்கும் தொடாதீங்க.

சுயமா திருத்தி கிரேடு பாக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020, 2021 ரெண்டு சம்மரும் கோவிட்ல எக்ஸாமே நடக்கலை, இலையுதிர் காலத்துல மட்டும் கொஞ்ச பேர் எழுதினாங்க. 2022ல நடந்தது, ஆனா வேணும்னே தளர்வா கிரேடு போட்டாங்க, நிறைய சப்ஜெக்ட்ல என்ன வரும்னு முன்னாடியே குறிப்பும் குடுத்தாங்க. 2023லதான் 2019 அளவுக்குத் திரும்பி வந்தாங்க. அதனால 2022 பேப்பர் போட்டு அந்த வருஷ பவுண்டரிப்படி "ஏ வந்துடுச்சு"ன்னு சந்தோஷப்படாதீங்க. 2019, 2023, அதுக்குப் பின்னாடி உள்ளதுங்க, இதை வெச்சு அளங்க.

திருத்தும்போது மார்க் ஸ்கீமோட நிக்காம எக்ஸாமினர் ரிப்போர்ட்டையும் திறங்க. எந்தக் கேள்வில பெரும்பாலானவங்க என்ன தப்பு பண்ணாங்கன்னு எக்ஸாமினரே எழுதியிருப்பாங்க, ஓசில கிடைக்குது, யாரும் படிக்கிறதில்லை.

போட்ட பேப்பர்ல தப்பான கேள்விங்களை மட்டும் பத்து நாள் கழிச்சு திரும்பப் போடுங்க. இதைச் செய்யாம இருபது பேப்பர் போட்டாலும் இருபது தடவையும் அதே மார்க்குதான்.

6. டியூஷன் வேணுமா

இப்ப கேளுங்க. மூணு கூடையும் பாத்தாச்சு, "தெ" பெருசா இருக்கு, ஸ்கூல் டீச்சர்கிட்ட லஞ்ச் டைம்ல கேட்டும் புரியலைன்னா வெச்சுக்கலாம். அந்த ஷீட்டைக் குடுத்து "இந்த அஞ்சு டாபிக்"னு சொல்லி வைங்க. ஒண்ணுமே தெரியாம வர்ற பிள்ளைக்கு முதல் அத்தியாயத்துல இருந்து ஆரம்பிச்சு மார்ச் போயிடும். மூணு சப்ஜெக்ட்டுக்கும் தனித்தனியா ஆள் வெச்சு வாரம் ஆறு மணி நேரம் டியூஷன்ல உக்காந்துட்டு சொந்தமா பேப்பர் போட நேரமே இல்லாத பிள்ளைங்க இருக்காங்க, அது காசைக் குடுத்து நேரத்தை வித்த கதை.

7. ஃபர்ம், இன்ஷூரன்ஸ்

எல்லா யூனிவர்சிட்டியும் பதில் சொன்ன பிறகு ஒண்ணை ஃபர்மா (முதல் சாய்ஸ்), ஒண்ணை இன்ஷூரன்ஸா (அது தவறினா கைகொடுக்கிற ரெண்டாவது சாய்ஸ்) வெச்சு மீதியை விடணும். வழக்கமா ஜூன் தொடக்கத்துல கடைசி நாள் வரும், உங்க ஹப்ல என்ன தேதின்னு பாருங்க, விட்டா எல்லா ஆஃபரும் தானா ரத்து.

ஃபர்ம்ல ஆசைப்பட்டதை வைங்க, மாக் கம்மின்னு பயந்து கீழ இறங்க வேண்டாம். ஒரு கிரேடு குறைஞ்சாலும் இடம் இருந்தா எடுத்துக்கிற கோர்ஸுங்க நிறைய, அந்த வாய்ப்பு ஃபர்மா வெச்சவங்களுக்குத்தான் முதல்ல. மெடிசின் மாதிரி நெரிசலான கோர்ஸ்ல அப்படி எதிர்பாக்காதீங்க.

இன்ஷூரன்ஸ் நிஜமாவே கீழ இருக்கணும். ஃபர்ம் ஏ ஏ பி, இன்ஷூரன்ஸும் ஏ ஏ பின்னு வெச்சிட்டு வர்றவங்களை ஒவ்வொரு வருஷமும் பாக்கிறேன், பேர் பெரிய யூனிவர்சிட்டிங்கிறதுக்காக. ஒண்ணு தவறினா ரெண்டும் தவறும், அதுக்கு ஏன் இன்ஷூரன்ஸ்னு பேரு. இப்ப மாக்ல என்ன வந்ததோ அதை வெச்சே உள்ள போகக்கூடிய இடமா, போனா மூணு வருஷம் சந்தோஷமா படிப்பீங்களான்னு ரெண்டுத்துக்கும் ஆமான்னா அதுதான் இன்ஷூரன்ஸ். ஒரு கிரேடு குறைச்சு ஃபர்ம் உங்களை எடுத்துக்கிட்டா இன்ஷூரன்ஸ் தானா போயிடும், ரெண்டுல பிடிச்சதைத் தேர்ந்தெடுக்கலாம்னு நினைச்சிருந்தா அது நடக்காது.

8. எக்ஸாமுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பேப்பர் வேலை

உடம்பு சரியில்லை, வீட்ல சாவு, அப்பாவுக்கு ஆபரேஷன், இப்படி ஏதாவது படிப்பைக் கெடுத்திருந்தா ரிசல்ட்டுக்கு முன்னாடியே ஸ்கூல் மூலமா யூனிவர்சிட்டிக்குச் சொல்லிடுங்க. ரிசல்ட் வந்து தவறின பிறகு சொன்னா சாக்கு மாதிரி படும், பல இடத்துல அதுக்குன்னு கடைசி தேதியும் இருக்கும். எக்ஸாம் சமயத்துலயே நடந்துச்சுன்னா ஸ்கூல் எக்ஸாம்ஸ் ஆபீசர் போர்டுக்கு ஸ்பெஷல் கன்சிடரேஷன் கேப்பாங்க, அதிகபட்சம் அந்தப் பேப்பர் மார்க்குல 5 சதவீதம், அதுவும் ரொம்ப மோசமான சூழலுக்கு. நம்ம வீடுகள்ல இதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுன்னு மூடி வெப்பாங்க. சொல்லுங்க.

டிக்கெட் விஷயம். எல்லா பேப்பரும் முடிஞ்ச மறுநாளே சென்னைக்கோ மதுரைக்கோ புக் பண்ணிடுறாங்க. ஜூன் கடைசி வாரத்துல போர்டுங்க ஒரு கன்டின்ஜென்சி நாள் வெச்சிருக்கும், ஏதாவது பேப்பர் தள்ளிப் போனா அன்னிக்கு எழுதணும், அதனால அந்தத் தேதி தாண்டி புக் பண்ணுங்க. ஆகஸ்ட் நடுவுல ரிசல்ட் நாள், அன்னிக்கு இங்க இருக்கிற மாதிரி திரும்பி வாங்க. ஊர்ல இருந்தா இங்க காலை 8 மணிங்கிறது அங்க மதியம் பன்னண்டரை, பாட்டி வீட்டு வைஃபைல உக்காந்து இங்கிலாந்து நம்பருக்கு ஹோல்ட்ல நிக்கிறதெல்லாம் தேவையில்லாத சோதனை.

ஃபீஸ் ஸ்டேட்டஸ். ஸ்கில்டு ஒர்க்கர் விசால அப்பா அம்மாவோட டிபெண்டன்ட்டா இருக்கிற பிள்ளைக்கு பொதுவா ஓவர்சீஸ் ஃபீஸ்தான். ஐஎல்ஆர் (இங்க நிரந்தரமா தங்குற உரிமை) கிடைச்சு, 3 வருஷம் இங்க வசிச்சும் இருந்தா ஹோம் ஃபீஸ், ஆனா செப்டம்பர்ல தொடங்குற கோர்ஸுக்கு செப்டம்பர் 1க்குள்ள ஐஎல்ஆர் கையில இருக்கணும். ஹோம் ஃபீஸ் 2025–26ல அதிகபட்சம் 9,535 பவுண்டு, ஓவர்சீஸ்னா அதை விட பல மடங்கு போகலாம். கிளியரிங்ல (மிச்சம் இருக்கிற இடங்களுக்கு அப்ளை பண்ற வழி) போன்ல இதைக் கேப்பாங்க, அப்ப முழிக்கக் கூடாது. ஸ்டூடன்ட் ஃபைனான்ஸையும் (படிப்புக் கடன்) ஃபர்ம் பேர் போட்டு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க, யூனிவர்சிட்டி மாறினா பின்னாடி அக்கவுன்ட்ல மாத்திக்கலாம்.

9. ரிசல்ட் நாள் காலைல

அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதும்பாங்க, அதனால முந்தின வாரமே உக்காந்து எழுதி வைங்க. ஃபர்ம், இன்ஷூரன்ஸ் ரெண்டோட அட்மிஷன்ஸ் நம்பர், யூகாஸ் ஐடி, ஜிசிஎஸ்ஈ கிரேடுங்க, கிளியரிங்குக்குப் போனா எந்தெந்த யூனிவர்சிட்டில எந்த கோர்ஸ்னு ஒரு அஞ்சாறு பேர். கிளியரிங் ஜூலை தொடக்கத்துலயே திறந்துடும், யாருக்கு இடம் இருக்கப் போகுதுன்னு அப்பவே ஓரளவு தெரியும்.

யூனிவர்சிட்டிக்கு உங்க ரிசல்ட் சில நாள் முன்னாடியே போயிடும். அதனால காலைல ஹப் திறக்கும்போது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். முதல்ல ஹப் பாருங்க, அப்புறம் கிரேடு பாருங்க. கிரேடு குறைஞ்சு இருந்தாலும் ஹப்ல ஃபர்ம் உறுதின்னு வந்திருந்தா இடம் உங்களோடதுதான், போன் பண்ணி "நிஜமாவா"ன்னு கேக்காதீங்க.

இன்னும் கண்டிஷனல்னே காட்டுதா? அவங்க இன்னும் யோசிக்கிறாங்க. உடனே ஃபர்முக்கு போன். பேசுறது பிள்ளையா இருக்கணும், அப்பா இல்லை. யூகாஸ்ல நாமினேட்டட் ஆக்சஸ் (எனக்காக இவங்க பேசலாம்ங்கிற அனுமதி) குடுக்காம அப்பா அம்மாகிட்ட அப்ளிகேஷனைப் பத்திப் பேசவே மாட்டாங்க, குடுத்திருந்தாலும் படிக்கப் போறவங்க குரலைத்தான் கேக்க விரும்புவாங்க. அப்பா பக்கத்துல உக்காந்து பேனா புடிச்சு, யார் பேசினாங்க, என்ன சொன்னாங்க, எத்தனை மணிக்குன்னு எழுதிட்டு இருக்கட்டும்.

என்ன பேசணும்? அழுகை வேண்டாம், நீளமான கதையும் வேண்டாம். "எனக்கு ஏ பி பி வந்திருக்கு, ஆஃபர் ஏ ஏ பி, கெமிஸ்ட்ரில கேட்ட ஏ இருக்கு, பயாலஜில ஒரு கிரேடு குறைஞ்சிருக்கு, என்னைப் பரிசீலிக்கிறீங்களா, இதே டிபார்ட்மென்ட்ல வேற கோர்ஸ்ல இடம் இருக்கா?" அந்த ரெண்டாவது கேள்வியை மறக்காதீங்க. சில சமயம் ஹப்லயே மாத்து கோர்ஸ் ஒண்ணு வந்திருக்கும், பிடிச்சா ஏத்துக்கலாம், இல்லைன்னா வேண்டாம்னு சொல்லலாம், கட்டாயம் இல்லை.

ஃபர்மும் இன்ஷூரன்ஸும் கை விட்டா கிளியரிங். போன்ல எத்தனை பேர்கிட்ட வேணா வாய்மொழி ஆஃபர் வாங்கலாம், ஆனா ஹப்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணைத்தான் சேர்க்க முடியும், அதுவும் இதுவரைக்கும் ரிசல்ட் நாள் மதியம் 1 மணிக்கு மேலதான் விட்டிருக்காங்க. அந்த இடைவெளில காலைல கிடைச்ச முதல் ஆஃபரைக் கண்ணை மூடிட்டு புடிக்காம, எத்தனை மணி வரைக்கும் எனக்காக வெச்சிருப்பீங்கன்னு கேட்டு வாங்கிக்கங்க. ஹாஸ்டல் ரூம் கிடைக்குமான்னும் அப்பவே கேளுங்க. கிளியரிங்ல போறவங்களுக்கு யூனிவர்சிட்டி ரூம் உறுதி இல்லாத இடங்கள் உண்டு, வெளில வாடகை பாத்தா பட்ஜெட்டே மாறிடும்.

10. ஒண்ணு ரெண்டு மார்க்குல போச்சுன்னா

ஸ்கூல்ல போர்டு குடுத்த மார்க்கு விவரம் இருக்கும், பவுண்டரிக்கு எவ்ளோ கிட்டன்னு பாருங்க. ரொம்ப கிட்டன்னா, யூனிவர்சிட்டி இடம் தொங்கிட்டு இருக்கிறவங்களுக்குன்னு வேகமான மறு திருத்தம் உண்டு, பிரயாரிட்டி ரிவ்யூ. ஸ்கூல் மூலமாத்தான் கேக்கணும், ரிசல்ட்டுக்கு அப்புறம் ஏறக்குறைய ஒரு வாரம்தான் டைம். யூனிவர்சிட்டிக்கும் அன்னிக்கே சொல்லி வைங்க, பொதுவா ஆகஸ்ட் 31க்குள்ள நிபந்தனை நிறைவேறணும். மார்க்கு இறங்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால முடிஞ்சா திருத்தின ஸ்கிரிப்ட் காப்பியை முதல்ல வாங்கி சப்ஜெக்ட் டீச்சர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க. கிரேடு மாறினா கட்டின காசு திரும்பி வரும்.

பவுண்டரிக்குப் பத்து மார்க்கு தள்ளி இருந்தா மறு திருத்தத்துல நேரத்தைப் போடாதீங்க, கிளியரிங் இடங்க கரைஞ்சிட்டே இருக்கும்.

ரீசிட் (மறுபடி பரீட்சை) எழுதணும்னா இங்கிலாந்து ஏ லெவலுக்கு அடுத்த மே, ஜூன்தான், நவம்பர்ல கிடையாது, எல்லா பேப்பரையும் திரும்ப எழுதணும். பிரைவேட்டா எழுதினா பிப்ரவரிக்குள்ள சென்டர் புடிச்சு என்ட்ரி போட்டுடணும், சயின்ஸ்னா பிராக்டிக்கல் என்டார்ஸ்மென்ட் முதல் தடவையே பாஸ் ஆயிருந்தா அது அப்படியே நிக்கும். சில மெடிக்கல் ஸ்கூல் ரீசிட் கிரேடை ஏத்துக்காது, அதனால வருஷத்தைச் செலவு பண்றதுக்கு முன்னாடி போக நினைக்கிற இடத்துல விதி என்னன்னு கேளுங்க. ரீசிட் எழுதாம, வந்த கிரேடை வெச்சே அடுத்த வருஷம் புதுசா அப்ளை பண்றதும் ஒரு வழி, அப்ப பிரெடிக்டட்ங்கிற பேச்சே வராது.

ஃபவுண்டேஷன் இயரோட சேர்ந்த டிகிரின்னா ஒரு வருஷம் கூட ஆகும், ஆனா அதே யூனிவர்சிட்டிக்குள்ளயே தொடரலாம். இங்கிலாந்துல வகுப்பறை சப்ஜெக்ட்டுகளுக்கு அந்த முதல் வருஷ ஃபீஸை 2025–26ல இருந்து 5,760 பவுண்டுன்னு குறைச்சிருக்காங்க, லேப் சப்ஜெக்ட்டுக்கு முழு ஃபீஸ்தான். சேர்றதுக்கு முன்னாடி, ஃபவுண்டேஷன் முடிச்சு முதல் வருஷத்துக்குப் போக எத்தனை சதவீதம் வேணும்னு எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.